குறிப்புச் செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன்

புதிய குறிப்புச் செயலியில் நான்கைந்து குறிப்புகளை மட்டும் எழுதுங்கள். கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டு அவற்றைத் திறந்து பாருங்கள். பிறகு கணினியில் அவற்றைச் சாதாரண உரைக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் நடந்தால் மோட்டார் சாலை வரி முடியும் தேதி, கிளினிக் போகவேண்டிய நாள், செம்பனை உரத்தின் விலை என்று எதையும் அதில் போட்டு வைக்கலாம்.

சில செயலிகள் இணையம் இல்லாமல் குறிப்பைக் காட்டாது. சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இது தெரியாது. தோட்டத்து உட்பாதையில் சிக்னல் போனதும் தெரியும். இரண்டாவது சோதனை, நிறுவனம் விதியை மாற்றும் நாளுக்காக. எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்புகளுக்குச் சுருக்கியது. இரண்டு சோதனையிலும் தேறும் ஜோப்ளின் என்ற செயலி இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். டிராப்பாக்ஸ் அல்லது ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பு வழியாகக் குறிப்புகளை ஒத்திசைக்கலாம். தோற்றம் கொஞ்சம் வறட்சிதான்.

தமிழில் எழுதுகிறவர்கள் தேடலையும் சோதிக்க வேண்டும். ‘உரத்தின்’ என்று எழுதிய குறிப்பு, ‘உர’ என்று தேடினால் வருகிறதா? ‘உரம்’ என்று முழுதாகத் தட்டினால் அது அகப்படாது.

ஒரே கைப்பேசியில் எல்லாம் முடிந்துவிடுகிறவருக்கு இவ்வளவு மெனக்கெடல் வேண்டாம். அதிலேயே வரும் செயலி போதும். வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் எந்தக் குறிப்புச் செயலியிலும் எழுதாதீர்கள்.