குற்றவாளியா, நிரபராதியா? பாட்காஸ்ட் வழக்கு விவாதத்தில் சறுக்கும் இடங்கள்

‘சீரியல்’ பாட்காஸ்ட்டின் முதல் சீசன் 2014 அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 12 எபிசோட், அனைத்தும் ஒரே கொலை வழக்கைப் பற்றி. 1999 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் காணாமல் போன பள்ளி மாணவி ஹே மின் லீயின் சடலம் பிப்ரவரி 9 அன்று லீக்கின் பூங்காவில் கிடைத்தது. முன்னாள் காதலர் அத்னான் சையதுக்கு 2000இல் ஆயுள் தண்டனை, கூடவே 30 ஆண்டுகள். பாட்காஸ்ட் முடிந்து பத்து வருடம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. சான்று குறைவு என்பது அதற்குப் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொள்வது.

கேள்விகள் மூன்று. அவர் செய்தாரா? சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தார்களா? விசாரணை முறையாக நடந்ததா? ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்கு ஆதாரமாகத் தூக்கிக் காட்டுவதுதான் முதல் தவறு.

“கோர்ட்டே விடுவித்துவிட்டதே” என்பது அதன் வழக்கமான வடிவம். இந்த வழக்கின் பாதையைப் பாருங்கள். செல்போன் டவர் நிபுணரை அத்னானின் வழக்கறிஞர் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்று 2016இல் குற்றத்தீர்ப்பு ரத்தானது. 2019இல் மேரிலாந்து மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 4-3 என்று அதை மாற்றியது, குற்றத்தீர்ப்பு மீண்டும் நின்றது. அரசுத் தரப்பு சில சான்றுகளை மறைத்தது என்ற அடிப்படையில் 2022 செப்டம்பரில் மறுபடி ரத்து. அந்த விசாரணைக்குக் கொல்லப்பட்டவரின் சகோதரருக்குப் போதிய அவகாசத்தோடு தகவல் தரவில்லை என்று 2023இல் தண்டனை திரும்ப வந்தது. 2024இல் அது உறுதியானது, அதுவும் 4-3. 2025 மார்ச்சில், சிறு வயதில் செய்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கான சட்டத்தின்கீழ் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது. சிறை இல்லை, ஆனால் குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மூன்றாவது கேள்விக்கான பதில்கள். இரு தரப்பும் இதைத் தங்கள் வெற்றியாக எடுத்துக்கொள்வது வேடிக்கைதான்.

2019 தீர்ப்பு இன்னொரு தவறையும் காட்டுகிறது. மதியம் 2:36க்கு அத்னானின் செல்போனுக்கு வந்த அழைப்புதான் கொலைக்குப் பின் “வந்து கூட்டிப் போ” என்ற அழைப்பு என்று அரசுத் தரப்பு வாதிட்டது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் அத்னானை நூலகத்தில் பார்த்ததாக ஒரு மாணவி சொன்னார். அத்னானின் வழக்கறிஞர் அந்த மாணவியை அணுகவே இல்லை. உடனே பலர், “2:36 உடைந்தது, வழக்கு முடிந்தது” என்கிறார்கள். அப்படியல்ல. கொலை நடந்த நிமிடம் எது என்பது குற்றத்தின் சட்டக் கூறு அல்ல. அது அரசுத் தரப்பு ஜூரிக்குச் சொன்ன கதையின் ஒரு கண்ணி. வழக்கறிஞரின் தவறை ஒப்புக்கொண்ட பெரும்பான்மை நீதிபதிகள், அந்தச் சாட்சி வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு இல்லை என்றார்கள். அந்த முடிவோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆனால் இரண்டு படிகளையும் தனித்தனியே வாதிட வேண்டும்.

அடுத்தது, டவர் பதிவு. விவாதங்கள் அதிகம் நாசமாவது இங்கேதான். அதே நாள் இரவு 7:09, 7:16க்கு அத்னானின் செல்போனுக்கு வந்த இரண்டு அழைப்புகள் எல்689பி டவரில் பதிவாயின. பூங்கா அந்தப் பகுதியில் வருகிறது. கடைசி எழுத்து டவரின் எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கும். ஒரு டவரை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 டிகிரி. ஆகவே அது வரைபடத்தில் ஒரு புள்ளியல்ல, பல தெருக்களை விழுங்கும் ஓர் ஆப்பு. இரண்டுமே உள்வரும் அழைப்புகள். தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி அனுப்பிய தொலைநகலின் முகப்புத் தாளிலேயே, இருப்பிடத்துக்கு வெளிச்செல்லும் அழைப்புகளைத்தான் நம்பலாம், உள்வருவனவற்றை நம்ப முடியாது என்று எழுதியிருந்தது. 2016 தீர்ப்பு நின்றது அந்த ஒரு தாளின்மேல்தான். எனவே பதிவேட்டைக் கையில் எடுத்தால் முதலில் ஒவ்வொரு வரியிலும் உள்வருவதா வெளிச்செல்வதா என்று குறியுங்கள். அதற்குப் பிறகு வரைபடம். “போன் பூங்காவில் இருந்தது” என்று எழுதாதீர்கள். “பூங்காவை உள்ளடக்கிய பகுதியோடு பொருந்துகிறது” என்பதுதான் சான்று தாங்கும் அளவு. அதே போல, அந்தத் தாள் போன் வேறெங்கோ இருந்தது என்றும் காட்டவில்லை.

முக்கிய சாட்சியைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் சோம்பேறித்தனம் செய்கின்றன. புதைக்க உதவியதாகச் சொன்ன அவரது வாக்குமூலம் முறைக்கு முறை மாறியது உண்மை. அதனால் மொத்தமும் பொய் என்பது ஒரு பாய்ச்சல். கதையின் ‘முதுகெலும்பு’ மாறவில்லை என்று சொல்லி அந்த மாற்றங்களை ஒதுக்குவது இன்னொன்று. கேட்க வேண்டியது இது: அவர் சொன்னவற்றில் எது, போலீசுக்கு முன்பே தெரியாத தகவலோடு பொருந்துகிறது? அழைப்புப் பட்டியல் போலீசிடம் ஏற்கெனவே இருந்தது. எனவே அவர் கதை பட்டியலோடு பொருந்துவதற்கு மதிப்பு குறைவு. ஹேயின் கார் நிற்கும் இடத்தை அவர் காட்டியது வேறு ரகம். அது போலீசுக்கு முன்பே தெரியாது என்றால் மிகக் கனமான சான்று. தெரிந்திருந்தது என்று சொல்பவர்தான் அதற்கு ஆவணம் காட்ட வேண்டும். என் கணக்கில், இந்த வழக்கில் மணிக்கணக்காகப் பேசத் தகுந்த ஒரே இடம் இதுதான்.

டிஎன்ஏ விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். காரில் கிடைத்த காலணிகளில் பலருடைய டிஎன்ஏ கலந்திருந்தது, அத்னானுடையது இல்லை என்றது 2022 பரிசோதனை. கொலையாளி அந்தக் காலணியைத் தொட்டிருந்தே ஆக வேண்டும் என்று காட்டினால் ஒழிய, அது யாரையும் விடுவிக்காது.

குரலை வைத்து எடை போடுவதைச் சுருக்கமாகவே சொல்லலாம். “இவ்வளவு சாந்தமாகப் பேசுகிறவர் செய்திருப்பாரா” என்பதும் “நிரபராதி என்றால் கத்தியிருக்க மாட்டாரா” என்பதும் ஒரே தரம். பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பற்றி 2006இல் வெளியான பெரிய தொகுப்பாய்வில் மனிதர்களின் துல்லியம் சுமார் 54 சதவீதம். காசு சுண்டினால் 50. போதாததற்கு நீங்கள் கேட்பது எடிட் செய்த குரல். இசை எங்கே வர வேண்டும் என்று யாரோ முடிவு செய்தது.

ஜூரி கேட்டது சுமார் ஆறு வார விசாரணை. 12 எபிசோடைக் கேட்டுவிட்டு “ஜூரிக்கு எப்படித் தெரியாமல் போனது” என்று எழுதுவதற்கு முன் சாட்சியப் பதிவைப் படியுங்கள். நல்ல வரிசை: முதலில் விசாரணைப் பதிவு, அடுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அதில் மாறுபட்ட நீதிபதிகளின் பகுதியும், கடைசியில் பாட்காஸ்ட். ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: யார் சொன்னது, எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அது இன்னும் சான்றல்ல.

“அவர் இல்லையென்றால் வேறு யார்?” இதற்குப் பதில் சொல்லும் கடமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லை, நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பினுடையது. பதில் சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் வழக்கே இல்லாத ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள். வேறு சந்தேக நபரைப் பேசியே ஆக வேண்டுமானால், நீதிமன்ற ஆவணத்தில் உள்ள வரியை மட்டும், அந்த ஆவணத்தில் உள்ள சொற்களிலேயே பேசுங்கள். முகவரி, வேலை பார்க்கும் இடம், இன்றைய புகைப்படம் எதுவும் அதற்குத் தேவைப்படாது.