முதலில் இடது கை: பியானோவில் மனோதர்மமாக வாசிக்கப் பழகும் முறை

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நடப்பில் இருக்கும். சனிக்கிழமை கடலுக்குப் போய் ஞாயிறு காலையில் கரை திரும்பும் ஆண்கள் அந்த இரண்டு மாதமும் வீட்டிலேயே இருப்பதால், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு பூசைக்குக் கூட்டம் கூடும். நற்கருணை வாங்கும் வரிசை வாசல் வரை நீளும். பாடல் குழு நான்கு சரணங்களையும் பாடி முடித்த பிறகும் வரிசை பாதிதான் நகர்ந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு ஞாயிறன்று கீபோர்டில் அமர்ந்திருந்த நான், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் வலது கையில் தோன்றியதையெல்லாம் வாசித்தேன். இடது கை சி மேஜர் கார்டிலேயே (ஒன்றாக ஒலிக்கும் ஒரே ஸ்வரக் கூட்டிலேயே) நின்றுவிட்டது. ஒரு நிமிடத்திற்குள் வாசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. எப்படி முடிப்பதென்றும் தெரியாமல், ஒரு வரியின் நடுவிலேயே கையை எடுத்துவிட்டேன். அன்று என்னிடம் இல்லாதவை இரண்டு: இடது கை நடந்து போக ஒரு பாதை, போய்ச் சேர ஒரு முடிவு. மனோதர்மமாக, அதாவது தாளில் இல்லாததை அப்போதே கற்பனை செய்து வாசிக்க, அந்த இரண்டையும் கைக்குக் கொண்டுவரும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மேற்கத்திய சாஸ்திரிய இசை என்றாலே தாளில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் வாசிப்பதுதான் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நிலைமை அப்படி இல்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவன் தம் ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகளை முதன்முதலாக அரங்கேற்றிய அதே நிகழ்ச்சியில், பியானோவில் தனியாக அமர்ந்து அப்போதைக்கு அப்போதே கற்பனை செய்தும் வாசித்தார். விரல் பயிற்சிகளுக்காக நம் மாணவர்கள் அறிந்து வைத்திருக்கும் இசையமைப்பாளர் செர்னி, மனோதர்மமாக வாசிக்கக் கற்பிக்கும் முறைநூல் ஒன்றையும் 1829இல் வெளியிட்டார். எனவே நாம் பழகப் போவது அந்த மரபுக்குப் புறம்பானது அன்று. அந்த மரபின் பாதியாக இருந்து பிற்காலத்தில் கைவிடப்பட்ட ஒன்று.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஓர் அனுகூலமும் ஓர் ஆபத்தும் உண்டு. ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்த காது நமக்கு இருக்கிறது. பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் போன்ற மேதையை ஆதரித்த சமஸ்தானம் இராமநாதபுரம். ஒரு சிறு சொற்கட்டை எடுத்து விரித்துக்கொண்டே போகலாம் என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம் இசையில் சுருதி அசையாமல் நிற்க, அதன் மேல் ராகம் விரிகிறது. பியானோவின் சாஸ்திரிய மரபில் அடியில் இருக்கும் பேஸ் (மிகத் தாழ்ந்த ஸ்வர வரி) நகர்ந்துகொண்டே இருக்கிறது, மேலே இருப்பது அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தம்புரா போல இடது கையை நிறுத்திவிட்டு வலது கையில் மட்டும் தேடுவதுதான் நான் செய்த பிழை. என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் செய்வதும் அதுவே.

பயிற்சிக்கு முன் கீபோர்டில் இரண்டு வசதிகளை அணைத்துவிடுங்கள். ஒன்று, தானாக ஓடும் ரிதம். அது ஓடினால் இடது கைக்கு வேலையே இல்லை. மற்றொன்று, டிரான்ஸ்போஸ் பட்டன். பாடகரின் சுருதிக்கு ஏற்ப அந்தப் பட்டனை அழுத்திவிட்டு எப்போதும் சி மேஜரிலேயே வாசிக்கும் பழக்கம் நம் பக்கம் வேரூன்றிவிட்டது. அதனால் எத்தனையோ நல்ல விரல்கள் ஒரே ஸ்கேலுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன என்பது என் வருத்தம். உப்புக்காற்றில் தந்திகள் துருப்பிடிக்கும் இந்தக் கரையில் மரப் பியானோ வைத்துக் காப்பாற்றுவது கடினம் என்பதால், 61 கட்டைகள் கொண்ட சாதாரண கீபோர்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பியானோ ஒலியைத் தேர்ந்தெடுத்து, ஒரு பெடல் இணைத்துக்கொண்டால் போதும்.

முதலில் முடிவைப் பழகுங்கள். இடது கையில் எஃப், ஜி, மறுபடியும் ஜி, சி என்ற நான்கு ஸ்வரங்கள். அவற்றின் மேல் வலது கையில், கீழிருந்து மேலாக, முதலில் ஏ-சி-எஃப், அடுத்து ஜி-சி-ஈ, பின்பு ஜி-பி-டி, கடைசியில் ஈ-ஜி-சி. உச்சியில் இருக்கும் ஸ்வரத்தை மட்டும் பாடிப் பாருங்கள்: எஃப், ஈ, டி, சி என்று படி இறங்கி வீட்டுக்கு வந்து சேரும். இதைத்தான் கேடன்ஸ் என்கிறோம். ஒரு வாரம் இதை மட்டும் சி, ஜி, எஃப், டி ஆகிய நான்கு மேஜர் ஸ்கேல்களிலும் தாளைப் பார்க்காமல் வாசியுங்கள். எந்த நேரத்திலும் முடித்துவிடலாம் என்ற உறுதி கைக்கு வந்த பிறகுதான் மனம் துணிந்து வெளியே போகும். கரைவலை இழுப்பவர்கள் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத்தான் வள்ளத்தைக் கடலுக்குள் செலுத்துகிறார்கள். வள்ளம் எவ்வளவு தூரம் வளைந்து போனாலும் திரும்பி வர வேண்டிய இடம் கரையில் நிற்பவர் கையில் இருக்கிறது. கேடன்ஸ் அந்தக் கயிறு.

அடுத்து, பாதை. இடது கையை நடு சி-யில் வைத்து, மெட்ரோனோமை (சீராகத் தட்டும் கருவியை) 60இல் ஓடவிட்டு, சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி என்று ஒவ்வொரு வெள்ளைக் கட்டையாகக் கீழே இறங்குங்கள். டி-யிலிருந்து அதற்கும் கீழே உள்ள ஜி-க்குத் தாவி, பிறகு சி-யில் நில்லுங்கள். மொத்தம் ஒன்பது ஸ்வரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. வலது கை, இடது கையின் முதல் ஸ்வரத்துக்கு ஓர் ஆக்டேவும் (அடுத்த சி வரை) அதற்கு மேல் மூன்றாம் ஸ்வரமுமாக இருக்கும் ஈ-யில் தொடங்கி, ஈ, டி, சி, பி, ஏ, ஜி, எஃப் என்று இடது கையோடு இணையாக இறங்கட்டும். இடது கை ஜி-க்குத் தாவும்போது வலது கை எஃப்-ஐ விடாமல் பிடித்திருந்து, அடுத்து இடது கை சி-க்கு வரும்போது ஈ-க்கு இறங்க வேண்டும். இரண்டே இரண்டு குரல்கள்தான். ஆனாலும் இது முழுமையான இசையாகவே ஒலிக்கும்.

இப்போது அதே ஒன்பது ஸ்வரங்களில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இடது கை தன் நேரத்துக்கு இறங்கட்டும். வலது கை ஒரு தட்டு தாமதமாக இறங்கட்டும். அதாவது இடது கை பி-க்குப் போன பிறகும் வலது கை பழைய ஈ-யையே பிடித்திருக்கும். அடுத்த தட்டில்தான் டி-க்கு இறங்கும். இடது கை ஏ-க்குப் போகும்போது வலது கை டி-யில் நின்று, பின் சி-க்கு இறங்கும். இப்படியே கடைசி வரை. இதைச் சஸ்பென்ஷன் என்பார்கள். சென்ற கோடையில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, மூன்றாவது ஸ்வரத்தில் கையை நிறுத்திவிட்டு, "சார், ரெண்டும் உரசுது. ஆனா இறங்குனதும் மனசு லேசாயிருது" என்றாள். பாடநூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவள் காதால் கண்டுகொண்டாள். அந்த உரசலும் அதன் தீர்வும்தான் இந்த இசையை முன்னோக்கி நடத்துகின்றன. அதன் பிறகு அவளிடம் அலங்காரம் எதையும் நான் கேட்கவில்லை. எந்த உரசலை நீட்டுவது, எதை உடனே தீர்ப்பது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் அப்போதே முடிவு செய்யச் சொன்னேன். அவள் மனோதர்மமாக வாசிக்கத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

இதில் கை பழகிய பின், இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே அண்டை ஸ்வரங்களைத் தொட்டுப் போவது, இடது கையின் ஒற்றை ஸ்வரத்தைக் கார்டாக உடைத்து வாசிப்பது, நடுவில் மூன்றாவது குரலைச் சேர்ப்பது ஆகியவை தாமாகவே வரும். ஏ மைனரில் செய்யும்போது முடிவுக்கு முந்திய ஈ-யின் மேல் ஜி ஷார்ப் சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் முடிவு முடிவாகக் கேட்காது.

கீழே இருக்கும் பேஸ் ஒன்றைக் கொடுத்து மேலே உள்ளதை மாணவரே உண்டாக்க வைக்கும் இந்த முறை என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. நேப்பிள்ஸ் நகரின் நான்கு கன்சர்வேட்டரிகளும் முதலில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லங்களாகத் தொடங்கியவை. அங்கே பிழைப்புக்காக இசை கற்ற பிள்ளைகள் பார்ட்டிமென்டோ எனப்படும் இத்தகைய பேஸ் வரிகளைக் கொண்டே பயின்றார்கள். பேஸ் ஸ்கேலாக ஏறி இறங்கும்போது ஒவ்வொரு படியின் மேலும் எந்தக் கார்டை வைப்பது என்பதற்கு 'ஆக்டேவ் விதி' என்ற மனப்பாட முறையும் இருந்தது. பிரான்சுவா காம்பியோன் அதை 1716இல் பாரிஸில் அச்சிட்டார். அதன் சாரத்தில் ஒன்றை மட்டும் இப்போதைக்கு நினைவில் கொள்ளுங்கள்: சி மேஜரில் சி, ஜி ஆகிய இரண்டும் நின்று இளைப்பாறும் இடங்கள், அவற்றின் மேல் அவற்றின் சொந்தக் கார்டு வரலாம், ஈ, பி ஆகியவை கடந்து போகும் இடங்கள், ஆகவே ஈ-யின் மேல் சி மேஜரையும் பி-யின் மேல் ஜி மேஜரையும் கவிழ்த்து (அதே ஸ்வரங்களில் ஈ அல்லது பி அடியில் வரும்படி) வையுங்கள்.

பாதையும் முடிவும் கைவசமான பிறகே வலது கையின் கற்பனைக்கு வர வேண்டும். அப்போது பாடி முடித்த பாடலிலிருந்தே மூன்று அல்லது நான்கு ஸ்வரங்களைக் கருவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அதை ஒரு முறை அப்படியே சொல்லி, ஒரு படி கீழே மறுபடி சொல்லி, தலைகீழாகத் திருப்பி, மைனரில் வைத்துப் பாருங்கள். நான்கு பார் (தாளச் சுற்று) வாசித்து ஜி-யில் கேள்வி போல நிறுத்தி, அடுத்த நான்கு பாரில் சி-யில் பதில் போல முடியுங்கள். எல்லாக் கருவும் எல்லா வேலைக்கும் உதவாது. 1747 மே மாதம் போட்ஸ்டாமில் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் கொடுத்த கருவை வைத்து இசையமைப்பாளர் பாக் அங்கேயே ஃபியூக் (ஒரே கருவைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) ஒன்றை உருவாக்கி வாசித்தார். ஆறு குரல்களில் வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, அதற்குத் தகுந்த வேறொரு கருவைத் தாமே தேர்ந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. மன்னரின் கருவிலேயே ஆறு குரல் ஃபியூகைப் பிறகு ஊருக்குத் திரும்பி எழுதி முடித்தார். பாக் அவர்களே அப்படித் தேர்ந்தார் என்றால், படிப்படியாக நகரும் எளிய கருவை நாம் தேர்வதில் குறை ஒன்றும் இல்லை.

தவறான கட்டையில் விரல் பட்டுவிட்டால் நிறுத்தாதீர்கள். சி மேஜரில் எந்தக் கறுப்புக் கட்டைக்கும் அரை ஸ்வர தூரத்தில் ஒரு வெள்ளைக் கட்டை உண்டு. நிதானமாக அதற்கு நகர்ந்தால், சற்றுமுன் பழகிய உரசலும் தீர்வும் போலவே அது கேட்கும். முகத்தைச் சுளித்துக் கையை எடுத்தால்தான் அது தவறாகிறது.

கான்செர்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனிக் கருவி வாசிக்கும் படைப்பு) வாசிக்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு ஒரு செய்தி. ஆர்கெஸ்ட்ரா நின்றுவிட, பியானோ தனியாகக் கற்பனை செய்யும் கடென்சா என்ற பகுதி, நீங்கள் முதல் வாரத்தில் பழகிய நான்கு கார்டுகளில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் திறக்கிறது. ஜி பேஸின் மேல் ஜி-சி-ஈ ஒலித்ததும் ஆர்கெஸ்ட்ரா ஓய்கிறது. நீங்கள் கருக்களை எடுத்து உலவிவிட்டு, ஜி-பி-டி-க்கு வந்து, டி-யில் நீண்ட ட்ரில் (அண்டை ஸ்வரத்தோடு வேகமாக மாறி மாறி ஒலிப்பது) வாசித்தால், நம் தனி ஆவர்த்தனத்தில் மோராவும் கோர்வையும் கேட்டுப் பாடகர் தயாராவது போல, ஆர்கெஸ்ட்ராவும் சி-யில் வந்து சேரத் தயாராகும். மொட்ஸார்ட் 1785இல் எழுதிய டி மைனர் கான்செர்டோவுக்கு அவருடைய கடென்சா எதுவும் கிடைக்கவில்லை. பீத்தோவன் எழுதியதைத்தான் பலரும் வாசிக்கிறார்கள். அதே பீத்தோவன் 1809இல் முடித்த தம் ஐந்தாவது கான்செர்டோவின் முதல் பகுதியில், கடென்சா வாசிக்காமல் நேரே எழுதியதைத் தொடருமாறு குறிப்பு வைத்துவிட்டார். கதவு மெல்ல மூடத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

கோயிலில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால், முந்திய இரவே ஒரு துண்டுத் தாளில் பேஸ் ஸ்வரங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பாக்கின் மகன் சி.பி.இ. பாக் 1762இல் வெளியான தம் நூலின் கடைசி அதிகாரத்தில் காட்டிய வழியும் இதுவே: முதலில் பேஸ் திட்டம், பிறகு அதன் மேல் கட்டிய கற்பனை. தவக்காலத்தில் பாடலுக்குத் துணையாக மட்டுமே இசைக்கருவிகளை வாசிக்கலாம் என்பது வழிபாட்டு ஒழுங்கு என்பதால், அந்த நாற்பது நாட்களையும் வீட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, பாஸ்காவுக்கு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு) பிறகு பீடத்தருகே அமருங்கள். நாள்தோறும் இருபது நிமிடம் போதும். வாசித்ததைக் கைப்பேசியில் பதிந்து மறுநாள் கேளுங்கள், அன்றே கேட்க வேண்டாம்.

வரிசையின் கடைசி ஆள் வாங்கித் திரும்பும்போது கருவை விட்டுவிட்டு, ஒன்பது ஸ்வர இறக்கத்துக்கு வந்துவிடுங்கள். குருவானவர் பாத்திரங்களைத் துடைத்து மூடும் வரை, வேண்டுமானால் அதை இன்னொரு முறை, உரசல்களைக் கொஞ்சம் நீட்டி வாசிக்கலாம். அவர் இருக்கையை நோக்கித் திரும்பும்போது எஃப், ஜி, ஜி, சி. கடைசிக் கார்டைப் பெடலில் பிடித்து, ஒலி தானாகத் தேய்ந்து அடங்கும் வரை கையை எடுக்காதீர்கள்.