மூச்சு மானிட்டர் வாங்கலாமா வேண்டாமா: எங்கள் வீட்டில் எடுத்த முடிவு

மகள் பிறந்த புதிதில் எனக்கு ராத்திரித் தூக்கமே இல்லை, அவள் அழுததால் அல்ல, அழாமல் தூங்கியதால். திடீரென்று ஐந்தாறு விநாடி வயிறு அசையாது, அப்புறம் வேகவேகமாக மூச்சு இழுப்பாள். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார், காலில் சாக்ஸ் மாதிரி மாட்டினால் நாடித் துடிப்பையும் ஆக்சிஜனையும் கவனித்து, குறைந்தால் அலாரம் அடிக்கிற மானிட்டரை அனுப்பட்டுமா என்று கேட்டார்.

வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினேன். 10 விநாடிக்குக் குறைவாக மூச்சு நின்று நின்று வருவது பச்சைக் குழந்தைகளுக்குச் சகஜம். 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடம்பு துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும் என்றார். சில குறைமாதக் குழந்தைகளுக்கு நாங்களே மானிட்டர் எழுதித் தருவோம், நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த இவளுக்கு எதற்கு என்றும் கேட்டார். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதலும், தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்க இந்தக் கருவிகளை நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறது. சாக்ஸ் நழுவினாலும் அலாரம் அடிக்குமாம், இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போகும்.

சரி, வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கள் அறையிலேயே தனிப் படுக்கை, கெட்டியான சமமான மெத்தை, எப்போதும் மல்லாக்கப் படுக்க வைப்பது. போர்வை, பொம்மை எல்லாம் வெளியே. கடுகுத் தலையணைக்கு மட்டும் மாமியாரோடு பெரிய பஞ்சாயத்து, "தலை உருண்டையா வராதேம்மா" என்று. சந்தேகம் வந்தால் வயிற்றைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவேன்: 30 முதல் 60க்குள் இருந்தால் போய்ப் படுத்துவிடுவேன்.