கழுவிக் கழுவியே கெடுத்துக்கொண்ட முகம்

ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டு முகம் கழுவுகிற ஆளாக இருந்தேன். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு பைக்கில் போய் இறங்கினாலே புகையும் எண்ணெயும் சேர்ந்து முகத்தில் ஒரு பிசுக்கு, கழுவினால்தான் நிம்மதி. கடைசியில் கன்னம் இழுத்துப் பிடித்து, மூக்கோரம் தோல் உரிந்து, நெற்றியில் மட்டும் எண்ணெய் வழிந்ததுதான் மிச்சம்.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, போதும். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 சுமாருக்கு இருக்கும். சாதாரண சோப்புக்கட்டி 9, 10. ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் தோலைக் காக்கிற கொழுப்பும் சேர்ந்து போகிறது. இதில் நம்ம ஊர் போர் தண்ணீர் வேறு. பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே மாதிரி சோப்பும் கால்சியமும் சேர்ந்த படிவு முகத்திலும் நிற்கும். அதனால் முகத்துக்கு மட்டும் சோப்பு இல்லாத கிளென்சர் வாங்குங்கள், தண்ணீர் ரொம்ப உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பீர்க்கங்காய் நாரெல்லாம் முதுகுக்குச் சரி.

ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். "இந்த வியர்வையில் அது வேறயா" என்று நானும் கேட்டவன்தான், ஆனால் பகல் முழுக்க ஏசியில் உட்கார்ந்தால் தோல் காயத்தான் செய்யும். ஜெல் மாதிரி இருப்பது பிசுக்காது.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் (வெயிலை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு) 30க்குக் குறையாமல். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். வெயிலில் அலைந்தால் இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி. மாநிறத்துக்கு எதற்கு இது என்பார்கள். மங்கு என்கிற கரும்படலம் வருவதும், பருவின் தழும்பு கறுத்துப்போவதும் நமக்குத்தான் அதிகம், அதற்கு வெயில் ஒரு முக்கியக் காரணம்.

எலுமிச்சைச் சாறு வேண்டாம், அதோடு வெயிலில் போனால் புண்ணாகி கறுப்பாகப் படியும். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் ஒத்துக்கொண்டால் சரி. காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நெற்றியில் மட்டும் பொரிப்பொரியாக வந்தால் தலைக்கு வைக்கிற எண்ணெயைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, எனக்குக் கோபம் வருகிற விஷயம். தொடையிடுக்கில் அரிப்பு என்று மெடிக்கலில் கேட்டால் ஒரு ஆயின்ட்மென்ட் தருவார்கள், இரண்டே நாளில் அடங்கும், அப்புறம் படர்தாமரை இன்னும் அகலமாகப் படரும். படர்தாமரை பூஞ்சையால் வருவது; அதில் பூஞ்சை மருந்தோடு, அரிப்பை மட்டும் அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதால்தான் அப்படி. சிலர் அதையே நிறம் வர முகத்துக்குத் தடவி, தோல் மெலிந்து, சிவந்து, பருவும் பூனைமுடியுமாக நிற்கிறார்கள். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ஸ்டீராய்டு பெயர் ஏதாவது இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். மாதக்கணக்கில் தடவியவர்கள் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் தாங்காது, நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள். காசு இல்லையென்றால் சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கிற அரசு பொது மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடலாம். தடவிய ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள், பெயர் சொல்லத் தெரியாமல் முழிக்க வேண்டாம்.