முதல் செமஸ்டர் விடைத்தாளை எடுத்து வையுங்கள்

முதல் செமஸ்டரில் கணிதத்தில் நான் எடுத்தது 100க்கு 34. தேர்ச்சிக்கு 50 வேண்டும். மற்ற பாடங்களில் தப்பித்தேன், ஆனால் அந்த 34 விடுமுறை முழுக்கக் கூடவே இருந்தது. இரண்டாவது செமஸ்டர் தொடங்கிய அன்று புது நோட்டு, புது பேனா, காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரைக்கும் கட்டம் போட்ட ஒரு கால அட்டவணை என்று தயாராக இருந்தேன். ஒன்பதாவது நாள் அந்த அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

அப்போது துறையில் மூன்றாமாண்டு படித்த ஓர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "விடைத்தாளைப் பார்த்தியா?" பார்க்கவில்லை. பார்க்கப் பயம். நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி, இருவரும் உட்கார்ந்து போன 66 மதிப்பெண் எங்கே போனது என்று எண்ணினோம். 30 மதிப்பெண்ணுக்கான மூன்று கணக்குகளை நான் தொடவே இல்லை, நேரம் முடிந்துவிட்டது. 22 மதிப்பெண் தொகையிடல் வருகிற இடங்களில் மட்டும் போயிருந்தது. மீதி 14 சில்லறைத் தவறுகள். எனக்குக் கணிதமே வராது என்று ஒரு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். தாளில் இருந்தது வேறு: வேகம் இல்லை, தொகையிடலில் அடித்தளம் இல்லை.

அதனால் இரண்டாவது செமஸ்டருக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான். முதல் வாரத்திலேயே, குறைந்த மதிப்பெண் வந்த இரண்டு பாடங்களின் விடைத்தாளை எடுங்கள். நகல் கிடைக்காத கல்லூரியாக இருந்தால் வினாத்தாளை வைத்து, என்ன எழுதினோம் என்று நினைவுபடுத்துங்கள். இழந்த ஒவ்வொரு இடத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். தெரியவே தெரியாது என்றால் 'தெ'. தெரிந்தும் தவறிவிட்டது என்றால் 'த'. நேரம் போதவில்லை என்றால் 'நே'. கேள்வியே புரியவில்லை என்றால் 'கே'. எது அதிகம் என்று பாருங்கள். 'நே' அதிகம் என்றால் இன்னும் நான்கு மணி நேரம் படிப்பதில் பயனில்லை, கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்க்க வேண்டும். 'கே' அதிகம் என்றால் பாடத்தின் சொற்களில்தான் கோளாறு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

இதை ஏன் இந்த செமஸ்டரிலேயே செய்ய வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. எல்லா செமஸ்டருக்கும் ஒரே அளவு கிரெடிட் (சராசரியில் பாடங்களுக்கு உள்ள எடை), 10 புள்ளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் 6.2, இரண்டாவதில் 8.0 எடுத்தால் மொத்த சராசரி 7.1 ஆகிவிடும். அதே 8.0ஐ, ஆறு செமஸ்டர் 6.2இலேயே ஓட்டிவிட்டு ஏழாவதில் எடுத்தால் 6.46க்குத்தான் வரும். உழைப்பு ஒன்றுதான், பலன் அவ்வளவு குறைகிறது. இந்தக் கணக்கை அன்றைக்கு யாராவது எனக்குப் போட்டுக் காட்டியிருந்தால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு மாதத்தைத் தொலைத்திருக்க மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாவது செமஸ்டர் பாடங்கள் முதல் செமஸ்டர் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. தொகையிடல் தெரியாமல் வகைக்கெழுச் சமன்பாடுகள் நகராது. நிரலாக்கத்தில் வரும் சுட்டிகள் (pointers) புரியாமல் தரவுக் கட்டமைப்பு (data structures) வகுப்பில் உட்கார்ந்தால், ஆசிரியர் பேசுவது காதில் விழும், உள்ளே போகாது. புதுப் பாடங்களின் முதல் இரண்டு வாரக் குறிப்புகளைப் புரட்டி, 'இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்' என்று கடந்துபோன இடங்களை மட்டும் தனியாக எழுதுங்கள். அந்தப் பட்டியலைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றரைப் பக்கம் வந்தது, முடிக்க மூன்று வாரம் ஆனது.

சரி, எப்படிப் படிப்பது? நான் திரும்பத் திரும்ப வாசிக்கிற ஆள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வறையில் ஒன்றும் வராது. இது எனக்கு மட்டும் நடப்பதல்ல. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசிப்பதற்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மறப்பது முதல் நாளிலேயே வேகமாக நடந்துவிடுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னையே சோதித்துக் காட்டியிருக்கிறார். அதனால் நான் செய்தது: வகுப்பு நடந்த அன்று மாலையே நோட்டை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் 10 நிமிடம் நினைவிருப்பதை எழுதுவேன். பிறகு நோட்டைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்ப்பேன். அடுத்த நாளும் வார இறுதியிலும் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும்.

அரியர், அதாவது தேறாமல் மறுபடி எழுத வேண்டிய பாடம், இருந்தால் அதற்கு வாரம் மூன்று நாள், 40 நிமிடம், தூங்கி எழுந்த புத்துணர்ச்சி இருக்கும்போதே. புதுப் பாடத்துக்கு வகுப்பு இருக்கிறது, விரட்ட ஆசிரியர் இருக்கிறார். அரியரை விரட்ட யாரும் இல்லை, அதனால்தான் நல்ல நேரத்தை அதற்குக் கொடுக்கச் சொல்கிறேன். வீட்டில் மறைக்காதீர்கள். நான் மூன்றாவது வாரம்தான் அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டது, "மறுபடி எப்போ எழுதணும்?" அவ்வளவுதான். மறைத்த நாட்களில் போன தூக்கம் அன்றைக்குத் திரும்பி வந்தது.

ஆசிரியரிடம் போகும்போது "கணக்கு வரலை சார்" என்று போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் முயன்ற தாளை எடுத்துப் போங்கள், மாட்டிக்கொண்ட வரியில் விரலை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

வருகைப்பதிவுக்கு ஒரு கணக்கு: 60 வகுப்பில் 75 சதவீதம் வேண்டுமென்றால் 15 விடலாம். அதில் பாதியை உடம்பு சரியில்லாத நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். கல்லூரி மன்றங்கள் பலவற்றில் சேர்ந்திருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள்.

நட்பு பற்றி மெதுவாகச் சொல்ல வேண்டும். முதல் செமஸ்டரில் சேரும் கூட்டம் பெரும்பாலும் வரிசை எண்ணாலும் அறை எண்ணாலும் அமைந்தது. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனாலும் எல்லா வகுப்பிலும் ஒன்றாகவே உட்கார வேண்டியதில்லை. கணித வகுப்புக்கு மட்டும் நான் கடைசி வரிசையிலிருந்து இரண்டாவதுக்கு மாறினேன். முன்கூட்டியே காரணத்தைச் சொல்லிவிட்டேன். யாரும் கோபிக்கவில்லை, இரண்டு வாரத்தில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். முதலில் கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். படிப்பு காத்திருக்கும்.

முதல் உள்தேர்வுத் தாள் கைக்கு வந்த அன்றே அதே நான்கு எழுத்துகளையும் மறுபடி போடுங்கள். என் கணிதத் தாளில் 'நே' ஒரே ஒரு கேள்வியில்தான் இருந்தது. 'தெ' மட்டும் நான் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. மறுநாள் இடைவேளையில் அந்தத் தாளோடு ஆசிரியர் அறைக்குப் போனேன்.