மருவைச் சுட வேண்டாம், உடம்புக்குக் காட்டிக் கொடுங்கள்

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. விரலில் மரு வந்தால், ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டை ஈர்க்கில் தொட்டு வைப்பார்கள். என் அண்ணனும் வைத்தார். கட்டைவிரல் வெந்தது, புண் ஆறியதும் பழைய இடத்தைச் சுற்றி வளையமாகப் புது மரு கிளம்பியது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சேராங்கொட்டையும் வேண்டாம்.

1. மருதானா என்று பாருங்கள். சொரசொரப்பாக இருக்கும், உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரியும். அது வேர் இல்லை, ரத்தம் உறைந்த நுண்குழாய். தோலின் ரேகைகள் மருவின்மேல் ஓடாது, விலகிப் போகும். கத்திப் பிடியால் வரும் காய்ப்பில் தொடர்ந்து ஓடும். வேகமாக வளர்ந்தாலோ, தானாக ரத்தம் கசிந்தாலோ, பிறப்புறுப்பில் வந்தாலோ நேரே டாக்டரிடம் போங்கள்.

2. பரப்பாதீர்கள். கிள்ளக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது, மரு உள்ள இடத்தில் சவரம் கூடாது.

3. முதலில் எளிய மருந்து. 17% சாலிசிலிக் அமிலம் மருந்துக்கடையில் கிடைக்கும். வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, மருவின்மேல் மட்டும் தினமும் தடவுங்கள். 12 வாரம் பொறுமை வேண்டும். முகத்தில் கூடாது, சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு மரு 2 ஆண்டுக்குள் தானாகவே போய்விடும். அவர்களை வதைக்காதீர்கள்.

4. போகவில்லையா, நிறைய இருக்கிறதா? ஊசியைப் பற்றிக் கேளுங்கள். மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். அது மேல்தோலிலேயே குடியிருக்கும், ரத்தத்துக்குள் இறங்காது. அதனால்தான் உடம்பின் காவலுக்கு அது வந்ததே தெரிவதில்லை. உடம்புக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்றை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பு மருந்தையோ காசநோய்ப் பரிசோதனைக்கான பி.பி.டி.யையோ, மருவுக்குள்ளேயே போட்டால் வெள்ளணுக்கள் அங்கே திரளும். வந்த இடத்தில் வைரஸையும் அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு மருவில் ஊசி போட்டால் காலில் இருக்கும் மருவும் உதிர்வது இதனால்தான். தோலின் எதிர்ப்பைத் தூண்ட வைட்டமின் டி3 போடும் டாக்டர்களும் உண்டு, அண்ணனுக்கு அதுதான். இவை மருவுக்கென்றே அனுமதி பெற்ற மருந்துகள் அல்ல, எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. டாக்டர் கையால் மட்டும்.

5. ஊசிக்கு முன் சொல்ல வேண்டியவை. கர்ப்பம், ஒவ்வாமை, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரை அல்லது நோய். எம்.எம்.ஆர். உயிருள்ள தடுப்பு மருந்து. போட்ட பெண்கள் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

6. போட்ட பிறகு. பெரும்பாலும் பெரிய மருவாகப் பார்த்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, சில தடவை போடுவார்கள். வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஓரிரு நாள் வீக்கமோ காய்ச்சலோ வரலாம். அதிகமானால் திரும்பிப் போய்க் காட்டுங்கள்.

7. போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? மரு கறுத்து, காய்ந்து, உதிரும். அது மட்டும் போதாது. அந்த இடத்தில் ரேகை மறுபடி ஓட வேண்டும். அண்ணனின் கட்டைவிரலை ரேஷன் கடை மெஷின் பல மாதமாக ஏற்கவில்லை, அண்ணிதான் போய் வைத்துக்கொண்டிருந்தார். நாலாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் அண்ணனே போய் வைத்தார். எடுத்துக்கொண்டது.