மேக இடைவெளியில் ஒரு நோவா: கேமராவும் கிரேட்டிங்கும் வைத்து நிறமாலை எடுப்பது

2021 ஆகஸ்ட் 8 அன்று அயர்லாந்தைச் சேர்ந்த கீத் கியரி, ஆர்எஸ் ஓபியூகி என்ற விண்மீன் மறுபடி நோவாவாக (திடீரெனப் பல மடங்கு பிரகாசமாக்கும் வெடிப்பு) வெடித்துவிட்டது என்று அறிவித்தார். சாதாரணமாக 11 மேக்னிடியூடுக்கும் (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) கீழே மங்கிக் கிடக்கும் விண்மீன் அது. அன்று வெறும் கண்ணுக்கே எட்டும் அளவுக்கு வந்துவிட்டது. இதற்கு முன் 1898, 1933, 1958, 1967, 1985, 2006 ஆகிய ஆண்டுகளில் வெடித்திருக்கிறது. 1985-இல் நம் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்திலிருந்தும் அதன் நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை, எடுத்திருக்கிறார்கள். இந்த முறை நானும் எடுத்தே தீர வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் ஆகஸ்ட் மாதச் சென்னை வானம் தெரியும்தானே. மாலையானால் மேற்கே கருக்கும், எட்டு மணிக்கு இடி. அந்த விண்மீன் உச்சிக்கு வருவதும் அதே எட்டு, எட்டரை மணிக்குத்தான். தாம்பரத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய், துருவ நேர்ப்படுத்தல் (அதன் அச்சை வான துருவத்துக்கு நேராக்குவது) முடிப்பதற்குள் இரண்டு நாளும் தூறல் வந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து தொலைநோக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு டிஎஸ்எல்ஆர், டிரைபாட், ஒரு கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், நுண்கோடுகள் கொண்ட தகடு) மட்டும் எடுத்துப் போனேன். அதில்தான் வேலை முடிந்தது. அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

மேகம் இருந்தால் நிறமாலை எடுக்க முடியுமா?

மெல்லிய மேகம் என்றால் முடியும். விண்மீனின் பிரகாசத்தை அளப்பவர்களுக்கு மேகம் பெரிய எதிரி, ஏனென்றால் ஒளி எவ்வளவு குறைந்தது என்பதே அவர்களுக்குக் கேள்வி. நமக்கு அப்படி இல்லை. மெல்லிய மேகம் நீலம், பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மங்க வைக்கிறது. நிறமாலையில் ஒரு தனிமத்தைக் காட்டும் கோடு எந்த அலைநீளத்தில் இருக்கிறது, பக்கத்து ஒளியைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்ற இரண்டும் கலையாது. மழைக் காலத்தில் நோவா பார்க்க விரும்பும் ஒருவருக்கு நான் நிறமாலையைச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

என்னென்ன வேண்டும்

ஒரு டிஎஸ்எல்ஆர், 85 மி.மீ. லென்ஸ், மி.மீ.க்கு 100 கோடுகள் உள்ள ஸ்டார் அனலைசர் கிரேட்டிங், அதை லென்ஸின் முன்பக்கம் பொருத்த ஒரு அடாப்டர் வளையம், ஆட்டம் இல்லாத டிரைபாட், ரிமோட். தொலைநோக்கிக்குள் கிரேட்டிங்கை வைப்பதுதான் பலரும் செய்யும் வழி. மங்கலான விண்மீன்களுக்கு அதுதான் சரியும்கூட. ஆனால் 6 மேக்னிடியூடுக்குள் இருக்கும் நோவாவுக்கு, பத்து நிமிட வான இடைவெளியை நம்பி இருக்கும்போது, லென்ஸ் முன்னால் கிரேட்டிங் என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். மூன்று நிமிடத்தில் தயார், முதல் சொட்டு விழுந்தால் ஒரு கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம்.

கேமராவை ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டு போகாதீர்கள். லென்ஸில் ஈரம் படிந்துவிடும். அரை மணி நேரம் முன்பே பையோடு படிக்கட்டில் வைத்துவிடுங்கள்.

படி 1: ஃபோகஸ்

வேகா விண்மீனை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஒரு படம் எடுத்து, நிறமாலைப் பட்டையில் நீலப் பகுதியில் இருண்ட கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவை ஹைட்ரஜன் கோடுகள். அவை கூர்மையாகும் வரை ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். விண்மீன் புள்ளி கூர்மையாக இருப்பது போதாது, கோடுதான் முக்கியம். முடிந்ததும் வளையத்தின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த இரவு முழுவதும் அதைத் தொடக்கூடாது.

படி 2: கிரேட்டிங்கைத் திருப்புவது

என்னை இரண்டு இரவுகள் அலைக்கழித்தது இந்தப் படிதான். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

டிரைபாடில் கேமரா அசையாமல் நிற்கும், விண்மீனோ கிழக்கிலிருந்து மேற்கே நகரும். என் கேமராவில் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். 85 மி.மீ. லென்ஸோடு அது வானத்தில் சுமார் 10 வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் விண்மீன் வினாடிக்கு 15 வில்வினாடி நகர்கிறது, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை பிக்சல். இந்த நகர்வு நமக்குத் தொல்லையாகவும் இருக்கலாம், உதவியாகவும் இருக்கலாம். எது என்பது கிரேட்டிங்கின் கோணத்தைப் பொறுத்தது.

நிறமாலை வடக்கு-தெற்காக விரிந்தால், கிழக்கு-மேற்கு நகர்வு பட்டையை அகலமாக்கும். நூல் போல இருந்த நிறமாலை நாடா போல ஆகிவிடும், கோடுகள் அந்த நாடாவின் குறுக்கே தெளிவாக விழும். நாம் வேண்டுவது அதுதான். கோணம் சாய்ந்துவிட்டால் நகர்வின் ஒரு பகுதி நிறமாலையின் நீளவாக்கிலேயே விழும். கேமராவோடு போன முதல் இரவுப் படங்களில் கிரேட்டிங் சுமார் 45 டிகிரி சாய்ந்திருந்தது, எக்ஸ்போஷர் 20 வினாடி. அப்படியென்றால் நீளவாக்கில் 20 பிக்சல் இழுவை, சுமார் 100 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்கும் அலகு). ஹெச் பீட்டா என்ற ஹைட்ரஜன் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் மட்டும் இருந்தது. மேகத்தால்தான் இப்படி வந்தது என்று நினைத்து மறுநாளும் அதே கோணத்தில் எடுத்தேன். இருட்டில் பாதி நனைந்து எடுத்த நாற்பது படங்களும் வீணாயின. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. 30 வினாடி வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் விண்மீன் ஒரு சிறு கோடாக இழுபட்டிருக்கும், அதிலிருந்து தள்ளி நிறமாலைப் பட்டை தெரியும். அந்தச் சிறு கோடும் பட்டையின் நீளமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிரேட்டிங்கை மெல்லத் திருப்பி மறுபடி எடுங்கள். மூன்று, நான்கு படங்களில் சரியாகிவிடும். சரியானதும் கிரேட்டிங் விளிம்பிலும் வளையத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மழைக்குப் பயந்து கழற்றினாலும், டார்ச் வெளிச்சத்தில் இரண்டு சிவப்புக் கோடுகளையும் சேர்த்தால் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

படி 3: படம் எடுப்பது

ஐஎஸ்ஓ 1600, 10 வினாடி, ரா ஃபைல். நீளமாக வைக்க வேண்டாம். மேகம் வந்து போகும் இரவில் ஒரு நிமிட எக்ஸ்போஷர் ஒன்று கெட்டால் ஒரு நிமிடமும் போனது. பத்து வினாடிப் படங்கள் அறுபது எடுத்தால், பதினைந்தைக் கழித்துவிட்டு மீதியைச் சேர்த்துக்கொள்ளலாம். மேகம் முழுவதும் விலகட்டும் என்று காத்திருக்காமல் எடுத்துக்கொண்டே இருங்கள்.

மொபைல் ஆப்கள் சொல்லும் மணிக்கணக்கு முன்னறிவிப்பை நான் நம்புவதில்லை. வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படம்தான் எனக்கு உதவியது. மழைத்திட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணால் பார்த்தே அடுத்த அரை மணியைக் கணித்துவிடலாம்.

நோவாவுக்கு முன்போ பின்போ, கிரேட்டிங் கோணத்தைத் தவிர எதையும் மாற்றாமல் வேகாவையும் பத்துப் படம் எடுத்துவிடுங்கள். வேகாவை மேகம் மறைத்தால் ஆல்டேர், அதாவது திருவோணம், அதுவும் இல்லாவிட்டால் ஓபியூகஸ் மண்டலத்திலேயே இருக்கும் ரசல்ஹேக். மூன்றும் ஏ வகை (வெப்பமான, வெண்ணிற) விண்மீன்கள், ஹைட்ரஜன் கோடுகள் நன்றாகத் தெரியும்.

படி 4: அலைநீளம் குறிப்பது

வேகா படத்தில் விண்மீன் புள்ளியிலிருந்து ஹெச் பீட்டா கோடு எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். அதன் அலைநீளம் 4861 ஆங்ஸ்ட்ராம். எனக்கு 961 பிக்சல் வந்தது. வகுத்தால் பிக்சலுக்கு 5.06 ஆங்ஸ்ட்ராம். அதே எண்ணை நோவா படத்திலும் பயன்படுத்த வேண்டும், புள்ளியிலிருந்தே தொடங்கி. ஹெச் காமா 4340-இல் விழுகிறதா என்று பார்த்தால் கணக்கு சரியா என்று தெரிந்துவிடும்.

மென்பொருளுக்கு ஆர்ஸ்பெக் நன்றாகவே இருக்கிறது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். நான் இலவசமாகக் கிடைக்கும் பாஸ் பிராஜெக்ட்டையே பயன்படுத்துகிறேன். பட்டைக்கு மேலும் கீழும் உள்ள வான வெளிச்சத்தைக் கழிப்பதை மட்டும் மறக்காதீர்கள். தெருவிளக்கு பட்டு மேகம் ஒளிர்வதால் நம் ஊரில் அது நிறையவே இருக்கும்.

என்ன தெரிந்தது

சிவப்பில் 6563 ஆங்ஸ்ட்ராமில் ஹெச் ஆல்ஃபா, கம்பம் நட்டது போல நின்றது. டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், அதையும் மீறி. நீலப் பச்சையில் ஹெச் பீட்டா, மஞ்சளில் 5876-க்கு அருகே ஹீலியத்தின் சிறு மேடு. வேகாவில் பள்ளமாக இருந்த அதே ஹைட்ரஜன் இங்கே மேடாக நிற்கிறது. அங்கே ஒரு வெண்குறளை (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்), பக்கத்துச் சிவப்பு ராட்சத விண்மீனிடமிருந்து சேர்த்துவைத்த வாயு வெடித்து, வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விரிந்துகொண்டிருக்கிறது. அந்த வேகம்தான் கோட்டை அகலமாக்குகிறது. ஆனால் இந்தக் கருவியில் அகலத்தை அளந்து வேகம் சொல்ல முயல வேண்டாம், கருவியின் மங்கலும் அதில் கலந்திருக்கும். கணினித் திரையில் அந்த மேட்டைப் பார்த்தபோது மணி இரண்டு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பின்சேர்க்கை: இதன்படி செய்து பார்த்த ஒருவர், எட்டு மணிக்குச் சரியாக இருந்த நகப்பூச்சுக் கோடு பதினொரு மணிக்குச் சரிவரவில்லை என்று கேட்டிருந்தார். அவர் சொல்வது சரி, நான்தான் எழுத விட்டுவிட்டேன். விண்மீன் உச்சியில் இருக்கும்போது வடக்கு-தெற்கு என்பது படத்தில் மேல்-கீழாக இருக்கும். மேற்கே சாயச் சாய அந்தத் திசையும் படத்துக்குள் சாய்ந்துகொண்டே போகும். அதனால் கேமராவை வேறு இடத்துக்குத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த 30 வினாடிச் சோதனைப் படம் கட்டாயம் வேண்டும். வேகாவுக்கும் அப்படித்தான்.

இன்னொருவர் டி கரோனே போரியாலிஸ் பற்றிக் கேட்டார். 1866, 1946 ஆகிய ஆண்டுகளில் வெடித்த நோவா அது, இதே முறை அதற்கும் போதும். ஆனால் மறுபடி வெடித்தால், உச்சத்தில் அது 2 மேக்னிடியூட் வரை வரக்கூடியது. 10 வினாடி வைத்தால் ஹெச் ஆல்ஃபா நிரம்பி வழிந்துவிடும், ஐஎஸ்ஓவை 400-க்கு இறக்கி 5 வினாடியில் தொடங்குங்கள். உச்சத்திலிருந்து சில நாட்களிலேயே மங்கிவிடும் என்பதால் கிரேட்டிங்கை இப்போதே பொருத்திப் பார்த்து, கோடு போட்டு வைத்துவிடுங்கள்.